சுருட்டை வால் தாராக் காசு

கட்டுகஸ்தோட்டை
17.06.2025

அன்புள்ள மகன் இளங்கோவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அந்த வலியும் மழை விட்டால் விட்டுவிடும். நீயும் மருமகள் சர்மிளாவும் என் பேத்தி மிதுஷாவும் அந்தக் கனடாவில் தடிமன் காய்ச்சல் வராமல் இருக்க மாத்தளை முத்துமாரி பார்த்துக்கொள்வாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம், ஒரு காசுக்காக சித்தப்பாவோட இப்படியாம்மா, விட்டுருங்க, அப்பா பக்கம் மிச்சம் இருக்கிறது அவர் ஒருத்தர்தான் என்று சொன்னாய். நான் பதில் சொல்லத் தொடங்கினால் நடுவில் நடுவில் நீ பேசினாய், பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தில் நீ நடுவில் பேச முடியாது. உறைக்குள் மடித்த கடதாசி ஒன்றும் மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றும் இருக்கும், இதைப் படித்து முடிக்கும்வரை இரண்டையும் பிரிக்காதே.

முதலில் வீட்டுச் சங்கதி. கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது, ஒழுக்கு நின்றுவிட்டது. தாரா வாத்துகள் இப்போது பதினான்கு இருக்கின்றன. பதினாறு இருந்தன, ஆற்றோரத்திலிருந்து பெரிய உடும்பு மாதிரி ஒரு கபரகொயா ஏறி வந்து இரண்டு குஞ்சைத் தின்றுவிட்டது. அடுத்த வீட்டு றமீலா, அது சீவன்தானே ஆச்சி, பசிக்குத் தின்னுது, விடுங்க என்றாள். நான் விடவில்லை. முட்டை ஒன்றில் ஓட்டை போட்டு உள்ளே காரக் கொச்சிக்காய்த் தூளை அடைத்து வேலியோரத்தில் வைத்தேன். அன்றைக்கு அது ஆற்றைப் பார்த்து ஓடிய ஓட்டத்தை றமீலாவும் பார்த்தாள், அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால் விடுங்க விடுங்க என்று எனக்குச் சொல்கிற ஆள் நீ ஒருவன் மட்டும் இல்லை.

இனிக் காசுக்கு வருகிறேன். உன் சிநேகிதன் மார்கழியில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த நாளில் நான் அழுதேன் என்று உனக்குச் சொல்லவில்லை. கனடாக் காட்டுத்தாரா போட்ட வெள்ளிக்காசு, அம்மாவோட தாரா முட்டைதான் என்னைப் படிக்க வைத்தது, அந்த ஞாபகத்துக்கு என்று நீ எழுதியிருந்தாய். கண்ணாடிக் கூட்டைத் திறக்க வேண்டாம், விரல் பட்டால் காசு கெட்டுவிடும் என்றும் எழுதியிருந்தாய், நான் திறக்கவில்லை. சாமித்தட்டில் வைத்து அரிசி பொறுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், வாலுக்கு மேலே இரண்டு இறகு சுருண்டு நின்றன. அப்படியே நம் வீட்டு ஆண் தாரா. தாரா வளர்த்தவளுக்கு அது தெரியும், ஆணுக்குத்தான் வால் இறகு சுருளும், பெட்டைக்குச் சுருளாது, சந்தையில் குஞ்சு பெரிதாகி நிற்கும்போது நாங்கள் வாலைப் பார்த்துத்தான் பிரிப்போம். செய்தவன் தாராவைக் கண்ணால் பார்த்துச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலன்று உன் சித்தப்பா சுந்தரலிங்கம் சித்தி பாலம்மாவோடு வந்தார். உனக்குச் சித்தப்பா என்பதால் அவர் என்று எழுதுகிறேன், வாயில் வருவது வேறு. காசு சேர்ப்பதும் முத்திரை சேர்ப்பதும் அவருக்கு எத்தனை வருடப் பைத்தியம் என்று உனக்குத் தெரியும். கூட்டைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. முன்பக்கம் பின்பக்கம் என்று போனில் படம் பிடித்தார். பங்குனியில் மறுபடி வந்து, கண்டி டவுனில் காசு சேர்க்கிறவங்க எல்லாம் கூடுறோம் அண்ணி, ஒரு வாரத்துக்குக் குடுங்க, என் மகன் அனுப்பினதுன்னு பெருமையாக் காட்டிட்டுத் தாறேன் என்றார். என் மகன் என்று உன்னைச் சொன்னதும் நான் உருகிப்போய்க் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் பத்து நாளாகித் திரும்பி வந்தது. பெட்டி அதே பெட்டி, கூடு அதே கூடு, பச்சைத் தலை இருக்கிறது, வளையம் இருக்கிறது, வாலில் சுருள் இல்லை. வால் தட்டையாகப் பெட்டையின் வால் மாதிரிக் கிடக்கிறது. கழுத்துக்கு மேலே ஆண், இடுப்புக்குக் கீழே பெட்டை, இப்படி ஒரு தாராவைக் கனடாவில் என்ன, எங்கேயும் கடவுள் படைக்கவில்லை.

நான் உடனே சத்தம் போடவில்லை. பாலம்மா வீட்டுக்குப் போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, காசு மாறி வந்திருக்கு, பாத்து எடுத்துக் குடுத்துருங்க, யாருக்கும் தெரிய வேணாம் என்று தன்மையாகத்தான் சொன்னேன். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள், முதலில் நான் வழி விட்டேன். அவர் சிரித்தார். அண்ணி, கண்ணுல பூ விழுந்துருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டுங்க, இது எல்லாம் நுணுக்கமான வேலை, அஞ்சாம் வகுப்புக் கண்ணுக்குப் புடிபடாது என்றார். அன்றைக்கு நான் நேராக வந்து பஸ் ஏறிவிட்டேன். பாலத்தில் பஸ் நிற்கும்போது ஆற்றைப் பார்த்தேன், இந்த முறை விடுவதில்லை என்று முடிவு எடுத்துவிட்டேன்.

உன் அப்பா செத்த வருடம் நீ ஆறாம் வகுப்பு, உனக்கு இது தெரியாது. கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு அப்பாவுக்கு வர வேண்டிய காசு எடுக்க என்னைச் சித்தப்பாதான் கூட்டிப்போனார். அதற்கு முந்தின நாள் முழுக்க நான் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் பெயரை எழுதி எழுதிப் பழகியிருந்தேன். எழுதத் தெரியாமல் இல்லை, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லாததால் ஐந்தோடு நின்றவள் நான், அந்த ஐந்திலும் முதலாவதாக வந்தவள். ஆனால் பெரிய இடத்தில் கை நடுங்கக்கூடாது என்று பழகினேன். கந்தோரில் பேனாவை எடுத்துவிட்டேன். அவர் அதை என் விரலுக்குள்ளிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டு அங்கே இருந்தவரிடம், அண்ணிக்கு எழுத்துத் தெரியாது ஐயா, கைநாட்டுப் போதும் என்று சொல்லி என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். அவசரத்துக்கு அப்படிச் செய்ததாகப் பிறகு சொன்னார். அந்த மையைச் சேலையில் துடைத்தேன், கறை போகவே இல்லை, அந்தச் சேலை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. நான் அதை உடுத்துவதும் இல்லை, எறிவதும் இல்லை.

அதனால் இந்த முறை நான் நேரம் பார்த்தேன். போலிக் காசைக் கூட்டிலிருந்து எடுத்து அதன் விளிம்பை அம்மியில் ஒரு இழுப்பு இழுத்தேன். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு, செம்பு. சந்தனம் குழைத்து அந்த இடத்தில் அப்பி மறுபடி சாமித்தட்டில் வைத்தேன். வைகாசியில் நாவலப்பிட்டிக்கு மேலே நம் பழைய தோட்டத்தில் காளி திருவிழா, சொந்தம் முழுக்க அங்கே வரும். அதுவரை இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் சித்தப்பாவைக் கண்டால் சிரித்தேன், சுகம் விசாரித்தேன், வாரம் தவறாமல் தாரா முட்டை அனுப்பினேன். அவரும் வாங்கி வாங்கிப் பொரித்துத் தின்றார்.

திருவிழாவுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பிலிமத்தலாவையிலிருந்து காமாட்சி அக்காள்கூட இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பூசை முடிந்து சனம் கலைவதற்கு முன்னால் நான் எழுந்து போய் காசு வெட்டிப் போட வேண்டும் என்று பூசாரியிடம் சொன்னேன். நீ சின்ன வயதில் பார்த்திருக்க மாட்டாய். நியாயம் கிடைக்காதவர்கள் காளிக்கு முன்னால் ஒரு காசை உளியால் இரண்டாக வெட்டுவார்கள், ஒரு பாதி அவள் காலடிக்கு, மறு பாதி வெட்டினவர் கையில். குற்றம் செய்தவனை அவள் பார்த்துக்கொள்வாள். அந்த இரண்டு பாதியும் மறுபடி ஒன்று சேரும்வரை இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் புழங்கக் கூடாது, கல்யாணம் காதுகுத்து எதற்கும் ஒருவர் பந்தியில் ஒருவர் உட்காரக் கூடாது. பூசாரி ராஜலிங்கம் கொஞ்சம் பயந்துதான் போனார். யாரு பேருக்கும்மா வெட்டணும் என்று கேட்டார். பேரு வேணாம், இந்தக் காசை எவன் கை மாத்துச்சோ அந்தக் கைக்கு என்று சொல்லி மடியிலிருந்து எடுத்துக் கல்லின்மேல் வைத்தேன்.

உன் சித்தப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணி, இது கனடா வெள்ளி, இதை எல்லாம் வெட்டப்படாது, பாவம், இந்தாங்க இந்தப் பத்து ரூபாக் குத்திக் காசை வெட்டுங்க என்று தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். என் புள்ள அனுப்பின காசு, நான் வெட்டுறேன், ஒங்களுக்கு எங்க வலிக்குது என்றேன். பாவம் பாலம்மா, அவளுக்கு ஒன்றும் தெரியாது, கழுத்தை நீட்டி, அக்கா காசை அக்கா வெட்டுறாங்க, ஒங்களுக்கு ஏங்க இப்படி வேர்க்குது, நாமளா எடுத்தோம் என்று கேட்டாள். சனம் சிரித்தது. பூசாரி உளியை வைத்து ஓங்கி இரண்டு அடி அடித்தார், காசு இரண்டாகப் போனது. தலைப் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று. வெட்டின வாய் இரண்டும் வெயிலில் சிவந்து கிடந்தன. உடுக்கைக்காரன்கூட எட்டிப் பார்த்தான். பிறகு காமாட்சி அக்காள்தான் அந்தப் பொக்கை வாயைத் திறந்து, ஏம்புள்ள, கனடாவுல வெள்ளி உள்ளுக்குள்ள செவக்குமா என்று கேட்டாள்.

இப்போது கேள் மகனே, இதற்காகத்தான் நான் பேனா பிடித்தது. உன் சித்தப்பா அந்த நேரத்திலும் தலையைக் குனிந்திருந்தால் நான் அந்த அளவோடு விட்டிருப்பேனோ என்னமோ. அவர் குனியவில்லை. சத்தமாக, அத்தனை சொந்தத்துக்கும் கேட்கும்படி, இளங்கோ ஏமாந்துருப்பான், இல்லாட்டி அம்மாவுக்குத்தானே, என்ன தெரியப்போகுதுன்னு மலிவா ஒண்ணைப் பாத்து அனுப்பியிருப்பான் என்றார். நீ போனில் யாருக்காக என்னிடம் பரிந்து பேசினாயோ அவர் உன்னைப் பற்றிச் சொன்னது இதுதான். தாய்க்குச் செம்பைக் கொடுத்து வெள்ளி என்று சொல்லும் பிள்ளை என்று உன்னைக் காளிக்கு முன்னால் வைத்துச் சொன்னார்.

நான் கோபப்படவில்லை. இதையும் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அப்படியா தம்பி, பொங்கலன்னைக்கு நீங்க ஒங்க போன்ல படம் புடிச்சீங்களே, அதை எடுங்க, என் மகன் அனுப்பின தாராவுக்கு வால் எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் பாக்கட்டும் என்றேன். அவர் போன் வீட்டில் என்றார். அவர் சட்டைப் பைக்குள்ளேயே அது வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. பாலம்மா கையை விட்டு எடுத்தாள். தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது, அந்த நேரம் எனக்கு எத்தனை இனிப்பாக இருந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. படத்தைப் பெரிதாக்கி ஒரு கையிலும் வெட்டின வால் பாதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு அவள் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனைக் காமாட்சி அக்காளிடம் கொடுத்தாள், அக்காள் அடுத்தவருக்கு, அப்படியே கூட்டம் முழுக்கப் போனது. சுருட்டை வால், தட்டை வால். தாரா வளர்க்காதவர்களுக்கும் புரிந்தது. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பாலம்மா மட்டும் புருசனைப் பார்த்து, நாமளா எடுத்தோமுன்னு நான் கேட்டப்ப சும்மா நின்னீங்களே என்று சொல்லிவிட்டு வேறு வான் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். தலைப் பாதியைக் காளியின் காலடியில் போட்டேன், வால் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

திருவிழா முடிந்து பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் இங்கே வந்தார். சொந்தத்தில் எவனும் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம், பாலம்மா சமைக்கிறாளாம், ஆனால் பேசுவதில்லையாம். கதிரையில் உட்காரச் சொன்னேன். தேத்தண்ணி கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது, தொண்டை காய்ந்துதான் பேசினார். கைக்குட்டையிலிருந்து உண்மையான காசை எடுத்து வைத்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், சுருள் இரண்டும் இருந்தன. பொங்கலுக்கு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி அதே மாதிரிப் போலி ஒன்றை வரவழைத்ததாகச் சொன்னார். ஆசை அண்ணி, ஆசை கண்ணை மறைச்சிருச்சு, அந்தப் பாதியைக் குடுங்க, கோயில்ல சேத்து வச்சிருவோம் என்றார். நடந்ததை எழுதிக் குடுங்க என்று தாளை வைத்தேன், அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கி அவர் முன்னாலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தேன். காசு தவறுதலாக மாறிவிட்டது என்று எழுதியிருந்தார். அது தானா மாறல தம்பி, நீங்க மாத்துனீங்க, வெட்டிட்டு எழுதுங்க என்றேன். வெட்டி எழுதினார். என் மகன் மலிவாக அனுப்பவில்லை என்பதையும் எழுத வைத்தேன். கடைசியில் கையொப்பம் வைக்கக் குனிந்தார். அந்த நேரம் பேனாவை அவர் விரலுக்குள்ளிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

அவர் வருவார் என்று தெரிந்து முன்கூட்டியே பாலத்தடி நஸீப் கடையில் மை பேட் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மேசையில் திறந்து வைத்து, கைநாட்டுப் போதும் தம்பி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கந்தோர் ஞாபகம் வர அவ்வளவு நேரம் ஆகவில்லை. அண்ணி, அதையா இத்தனை வருசம் என்று தொடங்கினார். கட்டைவிரலைப் பிடித்து நானே அழுத்தினேன், முதலில் மையில், பிறகு தாளில். துடைக்க ஒன்றும் கொடுக்கவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். இப்போது நானும் பாலம்மாவும் ஒருவர் வீட்டுத் தண்ணீரை ஒருவர் குடிக்க முடியாது, அது ஒன்றுதான் எனக்கு வருத்தம். ஆனால் பேச்சுக்குத் தடை இல்லை. சந்தையில் கண்டவள் கிட்ட வந்து, அக்கா, நல்லா அழுத்துனீங்களா, நாலு நாளா வெரலு நீலமா இருக்கு என்று கேட்டுவிட்டுக் கூடையால் வாயை மறைத்துச் சிரித்தாள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். மார்கழியில் மிதுஷாவுக்குக் காது குத்த வரும்போது சித்தப்பா பந்தியில் இருக்க வேண்டும் என்கிறாய். இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பாதி சேராமல் முடியாது, அந்தப் பாதியை அவருக்கு நான் கொடுக்கவில்லை. மஞ்சள் பொட்டலத்தில் இருப்பது அதுதான், உனக்கு அனுப்பிவிட்டேன். இப்போது அது கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, அவர் என் வாசலில் எத்தனை தடவை வந்து நின்றாலும் நான் வெறுங்கையைத்தான் காட்டுவேன். விடுங்கம்மா என்று சொன்னவன் நீ, நீயே கொண்டு வா. வந்து அதே கோயிலில் அதே சொந்தத்துக்கு முன்னால் அவரை நிறுத்தி, மடித்த கடதாசியை அவர் வாயாலேயே வாசிக்க வை, கைநாட்டை எல்லாரும் பார்க்கட்டும். அதன்பிறகு பூசாரி இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டுவார், முதல் செம்புத் தண்ணீரை நானே அவருக்குக் கொடுப்பேன். ஆறு மாதம் அவர் காத்திருக்க வேண்டும் என்று உனக்குப் பாவமாக இருக்கும். நான் முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

பொட்டலத்தைப் பத்திரமாக வை. வரும்போது பெரிய பெட்டியில் போடாதே, விமானத்தில் சாமான் தொலைகிறது என்கிறார்கள், தொலைந்தால் உன் சித்தப்பாவின் கதி அவ்வளவுதான், கையோடு கொண்டு வா. உண்மையான காசு கூட்டுக்குள் சாமித்தட்டில் இருக்கிறது, அது மிதுஷாவுக்கு. அவளுக்கு வால் இறகைக் காட்டிக் கொடு, ஆண் எது பெட்டை எது என்று இப்போதே தெரிந்திருக்கட்டும். சர்மிளாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பிள்ளையை வெறுங்காலோடு தரையில் விடாதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், யாரையும் குனிய வைக்கும் தேவையும் வராமல் நிறைந்து வாழ அந்தக் காளி துணை இருக்கட்டும்.

அந்தப் பேனாவை அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நல்ல பேனா, மை சீராக வருகிறது. இந்தக் கடிதம் முழுவதும் அதில்தான் எழுதினேன். கீழே பார், கை நடுங்கவே இல்லை.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
முத்தையா தெய்வானை